ரெக்ரூட்டர் போன் எடுக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடுமா?

அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி மூலம் சில வாரங்களுக்கு என ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸாக, இருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இபி-3 என்ற வேலைவாய்ப்பு விசா வழியில் க்ரீன் கார்டோடு அமெரிக்கா போனவர். கூட்டிக்கொண்டு போன ஏஜென்சியின் ஒப்பந்தத்தை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டார். கணவரும் ஏழு வயது மகளும் வட கரோலினாவில் இருக்கிறார்கள். வீடு வாங்க முன்பணம் சேர்க்கலாம் என்று வேறொரு ஏஜென்சி மூலம் மேற்கு டெக்சஸில் ஒரு மருத்துவமனைக்கு 13 வார வேலைக்குப் போயிருக்கிறார். டெலிமெட்ரி யூனிட் (நோயாளிகளின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்கும் வார்டு), நைட் ஷிப்ட், வாரத்துக்கு 36 மணி நேரம். ஆறு வாரம் முடிந்துவிட்டது. இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அந்த ஏஜென்சியின் ரெக்ரூட்டர்.

"முதல் வாரம் ரெக்ரூட்டர் தினமும் குட் மார்னிங் அனுப்பினார், அக்கா. ஏதாவது பிரச்சினை என்றால் நடுராத்திரி கூட கூப்பிடுங்கள் என்றார். இப்போது மெசேஜ் போட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வருகிறது. அதுவும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரி" என்று எழுதுகிறார். இரண்டு முறை இவரை ஐசியுவுக்கு ஃப்ளோட் செய்திருக்கிறார்கள், அதாவது தன் யூனிட்டை விட்டு அந்த ஷிப்டுக்கு மட்டும் அங்கே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது முறை வென்டிலேட்டரில் இரண்டு நோயாளிகள், அதில் ஒருவருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்எபிநெஃப்ரின் டிரிப். இவர் ஐசியுவில் வேலை பார்த்ததே இல்லை. அன்று இரவு ஒருவருக்குப் பொட்டாசியம் ஏற்றுவது ஒன்றரை மணி நேரம் தாமதமாகியிருக்கிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் இவர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார், யூனிட் மேனேஜர் அதை ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டார்.

இதற்கு நடுவே ஆறு வாரத்தில் ஐந்து ஷிப்டுகள் ரத்தாகிவிட்டன. நொந்துபோய் "நான் போய்விடுகிறேன்" என்று இவர் சொன்னதும் ரெக்ரூட்டரிடமிருந்து உடனே பதில் வந்திருக்கிறது. பாதியில் போனால் அபராதம் உண்டாம், லைசென்ஸைக் கட்டுப்படுத்தும் நர்சிங் போர்டுக்கு ரிப்போர்ட்டும் போகுமாம்.

அவர் கேட்பது இவ்வளவுதான். இன்று இரவு ஷிப்டுக்குப் போகாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா? லைசென்ஸ் போய்விடுமா? க்ரீன் கார்டுக்கு ஆபத்து வருமா? ரத்தான ஷிப்டுகளின் பணம் கிடைக்குமா? கடைசியில் இன்னொன்றும் கேட்கிறார்: "அன்று இரவு எந்த நர்ஸுக்கு எந்த நோயாளி என்று எழுதியிருந்த அசைன்மென்ட் போர்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆதாரமாக ரெக்ரூட்டருக்கு அனுப்பட்டுமா?"

பதில்

அன்புள்ள சகோதரி,

அவசரமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு ஷிப்ட் போட்டிருந்தால் போங்கள். போக முடியாத நிலை என்றால் மருத்துவமனை ஸ்டாஃபிங் ஆபீஸுக்கும் ஏஜென்சிக்கும் ஷிப்ட் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கிளம்பாதீர்கள். அந்த போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். கான்ட்ராக்டைப் பாதியில் விட்டால் அதற்காகவே லைசென்ஸ் போகாது. க்ரீன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இனி நிதானமாகப் பேசலாம்.

நானும் டெலிமெட்ரியில் டிராவல் நர்ஸாக இருந்தவள்தான். அப்புறம் ஓர் ஏஜென்சியில் கிளினிக்கல் லயசன் பொறுப்பில் இருந்தேன். மருத்துவமனையிலிருந்து "உங்கள் நர்ஸ் இப்படிச் செய்துவிட்டார்" என்று புகார் வந்தால் அந்த போனை எடுக்கும் வேலை அது. அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ரெக்ரூட்டர் கையில் என்ன இருக்கிறது?

நீங்கள் அவரை முதலில் கூடப் பிறந்தவர் போல நம்பிவிட்டு, இப்போது துரோகி என்கிறீர்கள். இரண்டுமே கொஞ்சம் அதிகம். ரெக்ரூட்டர் என்பவர் ஊரில் வீடு பார்த்துக் கொடுக்கும் புரோக்கர் மாதிரி. மோட்டார் ஓடவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொல்வார். அவரே ஏறித் தொட்டியைப் பார்க்க மாட்டார், வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளவும் மாட்டார்.

பெரும்பாலான ஏஜென்சிகளில் ரெக்ரூட்டரின் வருமானம், அவர் அனுப்பிய நர்ஸ்கள் வேலை பார்க்கும் மணி நேரத்தைப் பொறுத்தது. நீங்கள் போய்விடுகிறேன் என்றதும் பதில் பறந்து வந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் மேல் வன்மம் என்று நினைக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் உங்கள் ஷிப்ட் ரத்தானாலும் அவருக்கு நஷ்டம்தான். அந்த விஷயத்தில் அவர் உங்கள் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் மருத்துவமனையோடு நேரடியாகப் பேசும் ஆள் பல சமயம் அவர் இல்லை. ஏஜென்சிக்குள் அக்கவுன்ட் மேனேஜர் என்று தனியாக ஒருவர் இருப்பார். பெரிய மருத்துவமனைகள் வெளி நர்ஸ் எடுக்கும் வேலை முழுவதையும் இடையில் இன்னொரு கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கும். அப்போது ஏஜென்சியே யூனிட் மேனேஜருக்கு நேராக போன் போடக்கூடாது, அந்தக் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் ராத்திரி மூன்று மணிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் இத்தனை கை மாறித்தான் மேனேஜரிடம் சேரும். அதிலும் வாய்ஸ் மெசேஜ் என்றால் முதல் கையோடு நின்றுவிடும். அதை யாரும் ஃபார்வர்ட் செய்ய மாட்டார்கள்.

ஆக, யாரிடம் எதைச் சொல்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட், சம்பளம், கான்ட்ராக்ட் விஷயங்களை ரெக்ரூட்டருக்கு மெயிலாக எழுதுங்கள். சம்பளம் என்றால் பேரோல் பிரிவுக்கும் ஒரு காப்பி போகட்டும். நோயாளி பாதுகாப்பு, ஃப்ளோட், உங்கள் மேல் வந்த புகார் எல்லாம் கிளினிக்கல் லயசனிடம் போக வேண்டியவை. அவர் பெரும்பாலும் ஒரு நர்ஸாகத்தான் இருப்பார். உங்கள் ஏஜென்சியில் அவர் யார் என்று ரெக்ரூட்டரிடம் கேளுங்கள், பெயரும் மெயிலும் தர வேண்டியது அவர் கடமை. உங்கள் கடிதத்தில் இந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. ஆறு வாரமாகக் கதவைத் தட்டுகிறீர்கள், ஆனால் தட்டுவது வேறு கதவு.

ரெக்ரூட்டர் சரிப்பட்டு வரவில்லை என்றால் அதே ஏஜென்சியில் வேறு ரெக்ரூட்டர் வேண்டும் என்று அவருடைய மேலாளரிடம் கேட்கலாம். அது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஐசியு இரவு

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது பணமோ அபராதமோ இல்லை, இதுதான். இனி ஒருமுறை இப்படி நடந்தால் என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் டெக்சஸில் இருப்பது ஒருவகையில் உங்கள் அதிர்ஷ்டம்.

வட கரோலினாவின் மல்டிஸ்டேட் லைசென்ஸில்தான் டெக்சஸில் வேலை பார்க்கிறீர்கள். இரண்டு மாநிலங்களும் நர்ஸ் லைசென்ஸ் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பதால் அது செல்லும். ஆனால் டெக்சஸ் நோயாளிகளைப் பார்க்கும் காலம் முழுக்க உங்களுக்குச் செல்லுபடியாவது டெக்சஸ் நர்சிங் சட்டம். அந்தச் சட்டத்தில் சேஃப் ஹார்பர் என்றொரு பாதுகாப்பு இருக்கிறது. பல மாநிலங்களில் இப்படி ஒன்று கிடையாது.

உங்கள் திறமைக்கு மீறிய, நோயாளிக்கு ஆபத்தாக முடியும் என்று நீங்கள் மனசாரக் கருதும் அசைன்மென்டைத் தருகிறார்கள் என்று வையுங்கள். அதை ஏற்கும் முன்பே, அல்லது ஷிப்ட் நடுவில் நிலைமை மாறும்போது, "சேஃப் ஹார்பர் கேட்கிறேன்" என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். டெக்சஸ் நர்சிங் போர்டின் இணையதளத்தில் இதற்குச் சின்ன படிவம் ஒன்று இருக்கிறது. உங்கள் பெயர், தேதி, நேரம், இடம், அசைன்மென்ட் கொடுத்தவர் பெயர், எதனால் ஆபத்து என்று இரண்டு வரி, கையெழுத்து. அவ்வளவுதான். படிவம் கையில் இல்லை என்றால் வெறும் தாளில் எழுதினாலும் இந்த விவரங்கள் இருந்தால் போதும். விரிவான படிவத்தை ஷிப்ட் முடிந்து வெளியே போகும் முன் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பின் மருத்துவமனையின் நர்சிங் பியர் ரிவ்யூ கமிட்டி (சக நர்ஸ்கள் கொண்ட ஆய்வுக் குழு) 14 நாளுக்குள் பார்த்து முடிவு சொல்லியாக வேண்டும்.

இதைக் கொடுத்துவிட்டு நல்லெண்ணத்தோடு வேலை செய்தால், அந்த அசைன்மென்டை ஏற்றதற்காக போர்டு உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. கேட்டதற்காக மருத்துவமனை பழிவாங்குவதும் சட்டப்படி தப்பு. இதில் பலர் குழம்புவது ஒரு இடத்தில்தான். சேஃப் ஹார்பர் கொடுத்துவிட்டால் வேலை செய்ய வேண்டாம் என்று அர்த்தமில்லை. பொதுவாக, கமிட்டி முடிவு வரும்வரை அந்த ஷிப்டைப் பார்க்க வேண்டியதுதான். அடிப்படை அறிவோ திறமையோ இல்லாத வேலை, செய்தால் நோயாளிக்கு நியாயப்படுத்த முடியாத ஆபத்து என்ற நிலையில் மட்டுமே மறுக்கலாம். வென்டிலேட்டரைத் தொட்டே பார்க்காத நர்ஸிடம் வென்டிலேட்டர் நோயாளிகள் இருவரைக் கொடுப்பது அந்த நிலைக்கு மிக அருகில் வருகிறது. அப்போதும் "எனக்கு முடியாது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "வென்டிலேட்டரும் பிரஷர் டிரிப்பும் எனக்குப் பழக்கமில்லை. இரண்டு நிலையான நோயாளிகளை எடுத்துக்கொள்கிறேன், அல்லது ஐசியு நர்ஸுக்கு உதவியாக நிற்கிறேன்" என்று மாற்று வழியும் சேர்த்துச் சொல்லுங்கள். சார்ஜ் நர்ஸ்களில் பாதிப் பேர் அதற்கு ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு ஆள் பற்றாக்குறைதான்.

நடந்து முடிந்த இரவுக்கு இப்போது சேஃப் ஹார்பர் கேட்க முடியாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் மேல் வந்த புகார் ஏஜென்சியின் ஃபைலில் இருக்கிறது, உங்கள் பக்கக் கதை அதில் இல்லை. நான் லயசனாக இருந்தபோது கண்ட பெரிய குறையே இதுதான். நம் ஊர் நர்ஸ்கள், பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள், பலரும் "சாரி, இனி நடக்காது" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். பணிவாகத்தான் எழுதுகிறார்கள். ஃபைலில் அது ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும்.

நீங்கள் எழுத வேண்டியது நேரப்படி நடந்ததை மட்டும். எத்தனை மணிக்கு ஃப்ளோட் சொன்னார்கள், யாரிடம் "ஐசியு அனுபவம் இல்லை" என்று சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், ஐசியுவில் ஓரியன்டேஷன் கொடுத்தார்களா, பொட்டாசியம் ஆர்டர் எப்போது வந்தது, பார்மசியிலிருந்து எப்போது வந்தது, அந்த நேரத்தில் மற்ற நோயாளியிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்போது ஏற்றினீர்கள், டாக்டரிடம் சொன்னீர்களா. நோயாளியின் பெயர், அறை எண் எதுவும் வேண்டாம். சார்ஜ் நர்ஸின் குணத்தைப் பற்றியும் வேண்டாம், மனதில் எவ்வளவு இருந்தாலும் சரி. கூடவே ஏஜென்சியில் சேரும்போது நீங்கள் நிரப்பிய ஸ்கில்ஸ் செக்லிஸ்டைத் தேடி எடுங்கள். அதில் வென்டிலேட்டர் என்ற வரிக்கு எதிரே "அனுபவம் இல்லை" என்று நீங்கள் குறித்திருந்தால், ஏஜென்சி அதை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால், உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஒருவேளை எல்லாவற்றுக்கும் "தெரியும்" என்று டிக் அடித்திருந்தால் (வேலை கிடைக்க வேண்டும் என்று அப்படி அடிக்கிறவர்கள் நிறைய) இப்போதே திருத்தி, புது செக்லிஸ்ட் அனுப்புங்கள்.

இனி அந்த போட்டோ. அந்த அசைன்மென்ட் போர்டில் நோயாளிகளின் பெயரோ அடையாளமோ இருந்தால், அதைச் சொந்த போனில் எடுத்து வெளியாளுக்கு அனுப்புவது நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி தனியுரிமை மீறல். தாமதமான பொட்டாசியத்தை மன்னிக்கிற மேனேஜர் கூட இதை மன்னிக்க மாட்டார். உங்கள் லைசென்ஸுக்கு உண்மையான ஆபத்து ஏதாவது இருந்தால் அது இந்த போட்டோவில்தான் இருக்கிறது. ஏற்கெனவே எடுத்துவிட்டதை என்ன செய்வது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள். சொந்தமாக மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் (சிகிச்சைத் தவறு என்று வழக்கு வந்தால் உதவும் காப்பீடு) எடுத்திருந்தால் லைசென்ஸ் விசாரணைக்கான வக்கீல் செலவும் பெரும்பாலும் அதில் அடங்கும். எடுக்கவில்லை என்றால் அடுத்த வேலைக்கு முன்னாவது எடுங்கள், வருடத்துக்கு நூறு டாலர் சொச்சம்தான் வரும். ஏஜென்சி வைத்திருக்கும் இன்ஷூரன்ஸ் முதலில் ஏஜென்சியைத்தான் காப்பாற்றும்.

ரத்தான ஷிப்டுகளின் கணக்கு

உங்கள் கான்ட்ராக்டில் வாரம் 36 மணி நேரம் உறுதி என்றும், இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிப்டை மருத்துவமனை பணம் தராமல் ரத்து செய்யலாம் என்றும் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மூன்று ஷிப்ட். ஐந்து போயிருக்கிறது என்றால் இரண்டு ஷிப்ட் பணம் உங்களுக்கு வர வேண்டியது.

நீங்கள் மணிக்கு 28 டாலர் சம்பளம் மட்டுமே நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் என்று வாரத்துக்குத் தரும் 1,150 டாலர் ஸ்டைபண்டையும் வேலை பார்க்காத மணி நேரத்துக்கு ஏற்ப வெட்டலாம் என்று உங்கள் கான்ட்ராக்ட் சொல்கிறது. 36 மணிக்கு வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 32 டாலர். ஆக 12 மணி ஷிப்ட் ஒன்று போனால் சம்பளத்தில் 336, ஸ்டைபண்டில் 383, மொத்தம் 719 டாலர். இரண்டு ஷிப்டுக்கு 1,400 டாலருக்கு மேல் நீங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். ஷிப்ட் ரத்தானபோது போனில் என்ன பேசினீர்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டாஃபிங் ஆபீஸிலிருந்து "இன்றைக்கு நோயாளிகள் குறைவு, வீட்டில் இருந்துகொள்கிறீர்களா?" என்று இனிமையாகக் கேட்பார்கள். தூக்கக் கலக்கத்தில் "ஓகே" என்பீர்கள். சிஸ்டத்தில் அது நீங்களே கேட்டு எடுத்த விடுப்பாக ஏறிவிடும். மருத்துவமனையின் ரத்துக் கணக்கில் அது வரவே வராது. அடுத்த முறை, "நான் வரத் தயாராக இருக்கிறேன். நீங்கள் ரத்து செய்வதென்றால் மருத்துவமனை ரத்து என்றே பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். போனை வைத்ததும் அதையே இரண்டு வரியில் ரெக்ரூட்டருக்கு மெயில் போடுங்கள். பேசியவர் பெயரும் நேரமும் அதில் இருக்கட்டும். ஏஜென்சி மருத்துவமனைக்கு பில் போட அந்த மெயில்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் கூடுதலாக ஒரு ஷிப்ட் பார்த்தேன், 48 மணி நேரம், ஆனால் பணம் குறைவாகத் தெரிந்தது என்கிறீர்கள். தெரியத்தான் செய்யும். 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பது உங்கள் 28 டாலருக்குத்தான், அதாவது 42. சாதாரண மணி நேரத்துக்கோ ஸ்டைபண்டையும் சேர்த்து 60 டாலர் கிடைக்கிறது. ஓவர்டைம் பார்த்தால் குறைவு! ஸ்டைபண்டை மணிக்கணக்கில் வெட்டினால் அது செலவுப் படியாக நில்லாமல் சம்பளம் போலவே ஆகிறது, ஆகவே ஓவர்டைம் கணக்கிலும் அதைச் சேர்க்க வேண்டும் என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021ல் ஒரு பெரிய ஏஜென்சிக்கு எதிரான வழக்கில் தீர்ப்பு சொன்னது. கலிஃபோர்னியா முதலான மேற்கு மாநிலங்கள் அந்த நீதிமன்றத்துக்குக் கீழே வருபவை. டெக்சஸ் அதில் வராது. ஆனாலும் ஒரு தொழிலாளர் வக்கீலிடம் காட்ட வேண்டிய விஷயம்தான். அதுவரை, கூடுதல் ஷிப்டுக்கு "சரி" என்பதற்கு முன் மணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கேட்டும் ஏஜென்சி தரவில்லை என்றால், டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் சம்பளப் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பணம் தர வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். "வேலை முடிந்து ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

போவதா, இருப்பதா?

லைசென்ஸ் பயத்தை முதலில் எடுத்து வைத்துவிடுவோம். அசைன்மென்டை ஏற்று, முந்தைய ஷிப்ட் நர்ஸிடம் நோயாளிகளின் ரிப்போர்ட் வாங்கிய பிறகு யாரிடமும் ஒப்படைக்காமல் நோயாளிகளை விட்டுவிட்டுப் போனால் அது கைவிடல். அதற்கு போர்டு வரும். நோட்டீஸ் கொடுத்தோ கொடுக்காமலோ வேலையை விடுவது முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவிலான வேலைத் தகராறு என்றே டெக்சஸ் போர்டு எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ரெக்ரூட்டர் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறார். தெரிந்தே சொல்கிறாரா தெரியாமலா என்பது வேறு விஷயம். போகிறவர்களைத் தடுக்க அந்த வரியைச் சொல்வது இந்தத் தொழிலில் பழக்கமாகிவிட்டது, கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

லைசென்ஸ் போகாது என்றாலும், மருத்துவமனை உங்களை "திரும்ப வேண்டாம்" பட்டியலில் போடலாம். அந்த மருத்துவமனைக் குழுமத்தின் மற்றக் கிளைகளிலும் கதவு அடைபடும். இந்த ஏஜென்சியும் இனி வேலை தராமல் போகலாம். சிறிய இழப்பு இல்லை, ஆனால் வேறு ஏஜென்சி, வேறு மருத்துவமனை என்று சமாளித்துவிடலாம்.

க்ரீன் கார்டு பற்றிச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஸ்பான்சர் செய்தவர்கள் வேறு, அந்தக் கடமையை முடித்துவிட்டீர்கள். இப்போதைய ஏஜென்சிக்கு உங்கள் குடியேற்ற நிலையில் எந்தப் பிடியும் இல்லை. முதல் ஒப்பந்தத்திலேயே இருக்கும் நர்ஸ்கள் இதைப் படித்தால், உங்கள் கதை வேறு, வக்கீலிடம் போங்கள். அங்கும் மிரட்டல் எல்லாம் செல்லாது. பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில், பாதியில் போனால் 25,000 டாலர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 2019ல் சொன்னது. ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறியதாகவும் தீர்ப்பளித்தது.

அபராதம் என்று அவர் சொல்வது எது என்று கான்ட்ராக்டில் பாருங்கள். வழக்கமாக அது நீங்கள் வரும்போது கொடுத்த பயணச் செலவு, மெடிக்கல் பரிசோதனைச் செலவு, ஏஜென்சி வீடு கொடுத்திருந்தால் மீதி வாடகை. நீங்கள் சொந்தமாக வாடகைக்கு எடுத்திருப்பதால் வீட்டுச் செலவு ஏஜென்சியுடையது இல்லை. "பார்க்காத மணி நேரத்துக்கு இவ்வளவு" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை வக்கீலிடம் காட்டுங்கள். எதற்கு, எவ்வளவு என்று குறிப்பாகச் சொல்லி நீங்கள் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் கடைசிச் சம்பளத்தில் இப்படிப் பிடித்துக்கொள்ள டெக்சஸ் சம்பளச் சட்டம் விடாது. நீங்களாக விலகினால் அடுத்த சம்பள நாளிலும், அவர்கள் நீக்கினால் ஆறு நாளுக்குள்ளும் கடைசிச் சம்பளம் தர வேண்டும்.

என்னைக் கேட்டால், நாளைக்கே கிளம்ப வேண்டாம், 13 வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் மருத்துவமனைகள் "நீட்டிக்கிறீர்களா?" என்று கேட்கத் தொடங்கும். புது ஆள் எடுத்து மறுபடி ஓரியன்டேஷன் கொடுப்பது அவர்களுக்குச் செலவு. ஏஜென்சிக்கும் உங்களை அடுத்த கான்ட்ராக்டில் உட்கார வைக்க ஆசை இருக்கும். உங்கள் பேச்சு எடுபடும் நேரம் அது.

இந்த வாரமே ரெக்ரூட்டர், கிளினிக்கல் லயசன் இருவருக்கும் ஒரே மெயில் போடுங்கள். மூன்று விஷயம் போதும். ஒன்று, ஃப்ளோட் டெலிமெட்ரிக்குச் சமமான அல்லது குறைந்த யூனிட்டுக்கு மட்டும் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கித் தர வேண்டும். இரண்டு, ரத்தான இரண்டு ஷிப்ட் பணம், தேதியோடு. மூன்று, உங்கள் நேரப்படி விளக்கம் ஃபைலில் சேர வேண்டும். பதிலுக்கு ஒரு தேதியும் போட்டுவிடுங்கள், ஐந்து வேலை நாள் நியாயமானது. மிரட்டல் தொனி வேண்டாம். அக்கவுன்ட் மேனேஜர் அந்த மெயிலை அப்படியே மருத்துவமனைக்கு ஃபார்வர்ட் செய்யும்படி இருக்க வேண்டும்.

அந்தத் தேதிக்குள் ஃப்ளோட் விஷயத்துக்கு உறுதி வரவில்லை என்றால், கான்ட்ராக்டில் சொன்ன நோட்டீஸ் (பெரும்பாலும் இரண்டு வாரம்) கொடுத்து விலகுங்கள். காரணம் நோயாளி பாதுகாப்பு என்று ஒரே வரி. அந்த இரண்டு வாரமும் ஒரு ஷிப்ட் கூட விடாமல் பாருங்கள். நடுவில் மறுபடி வென்டிலேட்டர் நோயாளியைக் கொடுத்தால் சேஃப் ஹார்பர் படிவம் பையில் இருக்கட்டும். இப்போதே ஐந்தாறு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யூனிட்டில் பிரின்டர் தேடி அலைய முடியாது.

வாடகை வீட்டின் நிபந்தனைகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. மாதாமாதம் புதுப்பிக்கும் வாடகை என்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று பாருங்கள். 30 நாள் என்றால் மருத்துவமனைக்குக் கொடுக்கும் இரண்டு வார நோட்டீஸோடு அது ஒத்துவராது. விலகும் எண்ணம் உறுதியானால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் ஏஜென்சிக்கு எழுதுங்கள்.